பினாங்கு ஹாஸ்டல் டார்மில் தங்குவது பற்றி: வீட்டில் கேட்கும் கேள்விகளுக்கு விவரம் வேண்டும்

செக்காலைப் பொண்ணு எழுதியது:

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மாசி மாதம் நானும் கல்லூரித் தோழி ஒருத்தியும் பினாங்கு போவதாக இருக்கிறோம். திருச்சியில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அப்புறம் ஃபெர்ரி. இரண்டு பேருமே வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. டிக்கெட் போக மிஞ்சுகிற பணத்தில் ஹோட்டல் அறை கட்டுப்படியாகாது. ஜார்ஜ் டவுனில் பேக்பேக்கர் ஹாஸ்டல்கள் நிறைய இருக்கின்றன. டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் பொது அறையில், ஒரு கட்டில் ஒரு இரவுக்கு 30 முதல் 60 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) கிடைக்கிறது. வெள்ளிக்கு இருபது ரூபாய் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் எங்களுக்குத் தாங்கும்.

வீட்டில் பேச்சை எடுத்தேன். எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி, தாத்தாவை அய்யா என்போம். ஆத்தா, ‘அப்பச்சியைக் கேள்’ என்று சொல்லிவிட்டார்கள். அப்பச்சிக்குப் பினாங்கு போவதில் ஆட்சேபம் இல்லை. அவர்களுடைய அய்யாவே அங்கே வட்டிக்கடையில் இருந்தவர்கள்தான். ‘முன்பின் தெரியாத எட்டுப் பேர் படுத்திருக்கிற அறையில் வயசுப் பிள்ளை எப்படித் தூங்கும்? பெட்டியை எங்கே வைக்கும்? ராத்திரி ஒன்று என்றால் யாரைக் கூப்பிடும்?’ இதுதான் அவர்கள் கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார்கள். அதனால் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று சும்மா சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. தங்கிப் பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

கண்டனூர் ரோடு எழுதியது:

பெண்களுக்கு மட்டும் என்று தனி டார்ம் இருக்கிறது. அதை எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தங்கச்சி, பாதிக் கவலைதான் தீரும். மீதியை நான் சொல்கிறேன். பினாங்கிலும் கொழும்பிலும் இப்படிப்பட்ட இடங்களில் தங்கியிருக்கிறேன், தனியாகவும் தங்கியிருக்கிறேன்.

முதலில் விலையைப் பார்த்துத் தேடுவதை விடு. மலிவானதில் நல்லதும் உண்டு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மோசமானதும் உண்டு. ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருப்பார்களா என்று முதலில் கேள். பல இடங்களில் பத்து மணிக்குப் பூட்டிவிட்டு, கதவுக்கு நம்பர் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடம் எனக்கு ஆகாது. அப்பச்சி கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது லாக்கர். ‘லாக்கர் உண்டு’ என்று போட்டிருப்பார்கள். சில இடத்தில் அது கைப்பை மட்டும் போகிற அளவு. பெட்டி முழுதும் போகுமா, பூட்டு அவர்களுடையதா நம்முடையதா என்று கேள். நீ ஒரு நல்ல பூட்டு கொண்டுபோ, நம்பர் பூட்டாக இருந்தால் சாவி தொலைகிற தொல்லை இல்லை. பாஸ்போர்ட், பணம், கார்டு மூன்றும் லாக்கரில்கூட வேண்டாம். தூங்கும்போதும் குளிக்கும்போதும் உடம்போடு இருக்கட்டும். குளியலறைக்குள் மாட்டி வைக்கத் தண்ணீர் புகாத சின்னப் பை ஒன்று வாங்கிக்கொள். பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கேட்டால் கொடுக்காதே. அவர்களுக்கு நகல் போதும். சாவிக்கு ரொக்கமாக ஒரு தொகை வாங்கி, கிளம்பும்போது திருப்பித் தருவார்கள், அது வழக்கம்.

கட்டில்கள் மேலும் கீழுமாக இருக்கும். கீழ்க்கட்டில் வேண்டும் என்று புக் பண்ணும்போதே எழுதிவிடு. ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை, சின்ன விளக்கு, சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கிற இடமாகப் பார். திரை இருந்தால் எட்டுப் பேர் அறையிலும் உனக்கென்று ஒரு தனி இடம் வந்துவிடுகிறது, உடை மாற்றக்கூட அங்கேயே வசதி. மலேசியாவில் பிளக் மூன்று பட்டைக்கால் உள்ளது. நம் ஊர்ச் சார்ஜர் போகாது, அடாப்டர் வேண்டும்.

குளியலறை பொதுதான், பெண்களுக்குத் தனியா என்று கேட்டுக்கொள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்கும், நம் ஆட்களுக்கு அந்தச் சங்கடம் அங்கே இல்லை. துண்டு சில இடத்தில் வாடகைக்குத்தான். சீக்கிரம் காய்கிற மெல்லிய துண்டாக ஒன்று எடுத்துப் போ.

இன்னொன்று, புக் பண்ணின சீட்டில் ‘பெண்கள் டார்ம்’ என்று எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டம் அதிகமானால் ‘கலப்பு அறையில் இடம் இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுத்தில் இருந்தால் நின்று பேசலாம்.

---

முகப்புத் திண்ணை எழுதியது:

குழந்தை, அப்பச்சியிடம் கிட்டங்கியைப் பற்றி, நம் நகரத்தார் (செட்டியார்) வெளிநாட்டில் ஒன்றாகத் தங்கித் தொழில் செய்த கூடத்தைப் பற்றிக் கேட்டாயா? அவர்களுடைய அய்யா பினாங்கில் இருந்தவர் என்றால் அவர் எங்கே படுத்துத் தூங்கினார் என்று கேட்டுப் பார்.

என் அப்பச்சி பினாங்கில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள். பினாங் ஸ்ட்ரீட்டில் கடை. கடை என்று சொல்வோமே தவிர அது ஒரு நீண்ட கூடம். இரு பக்கமும் வரிசையாக ஒவ்வொரு மார்க்கா (தொழில் நிறுவனம்) காரருக்கும் ஒரு இடம். சாய்வு மேசை, பெட்டி, இரும்புப் பெட்டகம், அவ்வளவுதான். பகலில் அங்கே உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்துப் படுப்பார்கள். மேலாளும் அங்கேதான், கடையில் ஆகச் சின்னவனான பெட்டியடிப் பையனும் அங்கேதான். சமையல் பொது, குளிப்பதும் பொது. மூன்று வருஷக் கணக்கு முடிந்து கப்பல் ஏறும் வரைக்கும் தனியறை என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் எல்லாரும் அப்படி இருந்தவர்கள்தான். ரங்கூனிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இதே ஏற்பாடுதான்.

அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அடுத்தவர் பெட்டியைத் தொடக்கூடாது. விளக்கு அணைத்த பிறகு பேச்சு இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்தவர் பாயைச் சுருட்டிவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும். என் அப்பச்சி ஊருக்குத் திரும்பி, வளவும் (உள் முற்றக் கட்டு) பட்டாலையும் (உயர்ந்த கூடம்) உள்ள இவ்வளவு பெரிய வீட்டில் இருந்தபோதும், கடைசிவரை ஒரு பாய் அகலத்துக்குள்தான் தன் சாமான்களை வைத்துக்கொண்டார்கள். செருப்பு, கண்ணாடிக்கூடு, சொம்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே வரிசையில் இருக்கும்.

ஆகையால் பொது இடத்தில் படுப்பது நமக்குப் புதுசு இல்லை. அப்பச்சிக்கு இது தெரியும். நினைவுபடுத்தினால் போதும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தக் கிட்டங்கிகளில் பெண்கள் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் எல்லாம் இங்கேதான் இருந்தார்கள். அதனால் நீ போவது அவர்கள் போனதற்குச் சமம் என்று வாதம் பண்ணாதே. இது அதைவிடப் பெரிய காரியம். அதற்குத் தக்கபடி விசாரித்துவிட்டுப் போ.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

> ஆகையால் பொது இடத்தில் படுப்பது நமக்குப் புதுசு இல்லை.

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். கிட்டங்கியில் பக்கத்துப் பாயில் படுத்தவர் யார்? நகரத்தாரின் ஒன்பது கோயிலில் ஏதோ ஒரு கோயிலைச் சேர்ந்த புள்ளி (குடும்பம்). அவருடைய அப்பச்சி யார், எந்த ஊர், எந்த வீதி, எல்லாம் தெரியும். தப்பு நடந்தால் அடுத்த கப்பலில் சேதி ஊருக்கு வந்துவிடும். அந்தப் பயம்தான் பூட்டு. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நாளைக்கு இன்னொரு நாட்டில் இருப்பார். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் டார்மில் தங்கியவன்தான். பெயர் வேண்டாம், வேறொரு தீவு. படங்களில் பளிச்சென்று இருந்த இடம். இரண்டாம் நாள் காலையில் கை முழுக்க வரிசை வரிசையாகத் தடிப்பு. மூட்டைப்பூச்சி. சொன்னதற்கு, ‘நீங்கள்தான் கொண்டுவந்திருப்பீர்கள்’ என்றார்கள். பணமும் திரும்பி வரவில்லை. பை, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி ஊருக்குள் கொண்டுவருவதற்குள் பட்ட பாடு போதும் என்றாகிவிட்டது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அது புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பர்மா தேக்குக் கட்டில், தூண், நிலை என்று எங்கே பார்த்தாலும் மரம், மர இடுக்கு. ஒழிக்கவே முடியாது.

பிள்ளை போகக்கூடாது என்று சொல்லவில்லை. டார்ம்தான் வேண்டும் என்று என்ன கட்டாயம்?

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தேவகோட்டைத் தம்பி சொல்கிற மூட்டைப்பூச்சி உண்மையான பிரச்சினை. அது அழுக்கு இடத்தில்தான் வரும் என்று இல்லை, யாருடைய பையிலாவது ஏறி நட்சத்திர ஹோட்டலுக்கும் போகும். அதனால் எங்கே தங்கினாலும் இதைச் செய்.

அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டில் மேல் வைக்காதே. குளியலறைத் தரையிலோ இரும்பு ஸ்டாண்டிலோ வை. விரிப்பை மூலையில் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை இரண்டு விரலால் விரித்து, செல்போன் வெளிச்சத்தில் பார். பேனா நுனியால் குத்தி மை ஊறினது மாதிரிக் கரும்புள்ளிகள் இருந்தால் அது பூச்சியின் கழிவு. வெளிர்பழுப்பு நிறத்தில் உரித்த தோல் இருக்கும். தலைமாட்டுப் பலகை, கட்டில் இணைப்பு, திரைத் துணியின் மடிப்பு, இவற்றையும் பார். ஒன்று தெரிந்தாலும் அந்த அறையில் வேறு கட்டில் கேட்காதே, வேறு அறை கேள், இல்லை கிளம்பு. ஊருக்கு வந்ததும் துணிகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு, நல்ல வெயிலில் காயவிட்டு, அப்புறம்தான் பீரோவுக்குள் வைக்க வேண்டும். பெட்டியை முற்றத்திலேயே நிறுத்திவிடு.

ஆள் தெரியாது என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அங்கே தங்குகிற ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டும் பதிவாகிறது. நல்ல இடங்களில் மாடிப்படியிலும் நடையிலும் கேமரா இருக்கும். அதோடு முந்தித் தங்கினவர்கள் எழுதினதைப் படிக்கலாம். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், புதுசாக எழுதினதிலிருந்து தொடங்கி, தனியாகப் போன பெண்கள் எழுதினதை மட்டும் தேடிப் படி. ‘இரவில் ஒருவர் தொந்தரவு செய்தார், சொன்னவுடன் வெளியே அனுப்பிவிட்டார்கள்’ என்று ஒரு பெண் எழுதியிருந்தால் அந்த இடம் எனக்குப் பிடிக்கும். புகாரே இல்லாத இடத்தைவிட, புகார் வந்தபோது சரியாக நடந்துகொண்ட இடத்தை நம்பலாம்.

---

பட்டர்வொர்த் வாசி எழுதியது:

சொந்த ஊர் கொத்தமங்கலம், இருப்பது இங்கே. ஊர்க்காரர்கள் பேசுவதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

விசா இப்போதைக்கு இந்தியர்களுக்கு வேண்டாம், 30 நாள் வரை இருக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தச் சலுகை, கிளம்பும் முன் அது தொடர்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. குடிநுழைவில் திரும்பிப் போகும் டிக்கெட், தங்குமிடம், கையிருப்பு மூன்றும் கேட்பார்கள். சின்ன வயசுப் பெண்கள், ஹாஸ்டலில் தங்கல் என்றால் இரண்டு கேள்வி கூடவே வரும். ஹாஸ்டலின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து நடந்தே ஃபெர்ரிக்கு வரலாம். தீவுக்குப் பாலமும் இருக்கிறது, 1985-இல் திறந்தது, பதின்மூன்றரை கிலோமீட்டர். ஆனால் கையில் ஒரு பெட்டியோடு வருகிறவர்களுக்கு ஃபெர்ரிதான் சுகம். இறங்கினால் ஊருக்குள்ளேயே இருப்பீர்கள். ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றுவதற்கு ‘CAT’ (கேட்) என்று எழுதின இலவசப் பேருந்து ஓடுகிறது.

லவ் லேன், சூலியா ஸ்ட்ரீட் பக்கம்தான் ஹாஸ்டல்கள் அதிகம். லவ் லேனில் மதுக்கடைகளும் அதிகம். ராத்திரி ஒன்று, இரண்டு மணிக்குக்கூடப் பாட்டுச் சத்தம் கேட்கும், வெள்ளி சனி என்றால் சொல்ல வேண்டாம். அந்தத் தெருவிலேயே முன்பக்க அறை எடுக்காதீர்கள். இரண்டு தெரு தள்ளி எடுத்தால் அதே வாடகைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். லிட்டில் இந்தியா பக்கம் பார்க்கலாம். குவீன் ஸ்ட்ரீட்டில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 1833-இல் எழுந்தது. சுற்றிலும் நம் சாப்பாடு கிடைக்கும், விடியற்காலையிலேயே ஜன நடமாட்டம் இருக்கும்.

இந்த ஹாஸ்டல்கள் எல்லாம் பழைய கடைவீடுகள். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு நிறையக் கடைவீடுகள் தங்குமிடமாக மாறின. குறுகலான முகப்பு, உள்ளே ஆழமான கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம், மரப்படி, மரத்தளம். பார்க்க அழகு. ஆனால் தீ என்று வந்தால் ஆபத்தான அமைப்பு. படி ஒன்றே ஒன்றா, பின்பக்கம் இன்னொரு வழி இருக்கிறதா, சன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்களா என்று முதல் வேலையாகப் பாருங்கள். மூன்றாம் மாடி, ஒரே படி, கம்பி போட்ட சன்னல் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பேன்.

வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. டார்மில் அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்னாலேயே கேளுங்கள்.

தெருவில் நடக்கும்போது பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போகிற சங்கதி இங்கே உண்டு. அப்புறம் மிக முக்கியம், விமான நிலையத்திலோ ஹாஸ்டலிலோ பழகின யாருடைய பையையும், பொட்டலத்தையும் கையில் வாங்காதீர்கள். போதைப்பொருள் விஷயத்தில் இந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு கடுமை என்று எல்லாருக்கும் தெரியும்.

மாசி நல்ல காலம். இங்கே மழை அதிகம் புரட்டாசி, ஐப்பசியில். ஆனால் சீனப் புத்தாண்டு வாரத்தில் விலை ஏறும், தைப்பூசத்துக்குக் கட்டிலே கிடைக்காது. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

---

புதுவயல் தம்பி எழுதியது:

ஒரு கேள்வி அண்ணே. ஹாஸ்டலில் தினம் சில மணி நேரம் வேலை பார்த்தால் கட்டில் இலவசம் என்று சில இடங்கள் போடுகிறார்கள். ரிசப்ஷன், விரிப்பு மாற்றுவது. அப்படிப் போனால் ஒரு மாசம் செலவே இல்லாமல் இருந்துவிடலாமே?

---

பட்டர்வொர்த் வாசி எழுதியது:

வேண்டாம் தம்பி. சுற்றிப் பார்க்க வந்த அனுமதியில் வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்கவில்லை, கட்டில்தான் வாங்கினேன் என்றாலும் அது வேலைதான். பிடிபட்டால் தடுப்பு முகாம், அப்புறம் திருப்பி அனுப்புதல். ஹாஸ்டல்காரர் உனக்காக வந்து நிற்க மாட்டார். சொந்தக் காசில் குறைந்த நாள் வந்துவிட்டுப் போ.

---

கோட்டையூர்க் கணக்கு எழுதியது:

இரண்டு பேர் போகிறீர்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு கட்டில் 45 வெள்ளி என்றால் இரண்டு பேருக்கு 90. அந்தப் பணத்துக்கு ஜார்ஜ் டவுனில் சின்னத் தங்கும் விடுதிகளில் மின்விசிறி உள்ள தனியறை, குளியலறை பொது, கிடைக்கிற நாளும் உண்டு. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கலாம். டார்ம் லாபம் என்பது தனியாகப் போகிறவருக்கு. இரண்டு பேர் என்றால் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. மூன்று பேர் என்றால் டார்ம் நஷ்டம்.

---

செக்காலைப் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்கு சரிதான், நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஆனாலும் எனக்கு டார்ம் வேண்டும் என்பதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. தனியறையில் நானும் தோழியும் மட்டும் இருந்தால் இங்கே பேசுகிற பேச்சைத்தான் அங்கேயும் பேசிக்கொண்டு இருப்போம். மற்ற நாட்டுப் பெண்கள் எப்படித் தனியாகக் கிளம்புகிறார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார்கள், என்ன வேலை பார்த்துச் சேர்க்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. பொதுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் அது தெரியும்.

நேற்று ராத்திரி இந்த இழையை முழுக்க அப்பச்சியிடம் படித்துக் காட்டினேன். முகப்புத் திண்ணை ஐயா எழுதினதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர்களுடைய அய்யா பினாங்கிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி மச்சில் இருக்கிறது என்று சொன்னார்கள். ஆனால் ஒத்துக்கொண்டது அதனால் இல்லை. தேவகோட்டை அண்ணன் எழுதினதையும் தீ பற்றி எழுதினதையும் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். ‘கெட்டதையும் சொல்கிறார்கள், அப்ப விவரம் தெரிந்தவர்கள்தான்’ என்றார்கள். இன்று காலையில் நாங்கள் பார்த்து வைத்த ஹாஸ்டலுக்கு அப்பச்சியே போன் போட்டுப் பேசினார்கள். ராத்திரி ரிசப்ஷனில் இருக்கிறவர் தமிழ் பேசுகிறவர்.

நாலு கட்டில் உள்ள பெண்கள் அறை எடுத்திருக்கிறோம். பாதி அறை நாங்களே ஆகிவிடுவோம் என்பது தோழியின் யோசனை.

---

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

நல்ல முடிவு. கொஞ்சம் விலகி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் பக்கத்துக்கு வருகிற பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள்? வீடுகளைப் பார்க்க, ஆத்தங்குடித் தரை ஓடு செய்வதைப் பார்க்க என்று கட்டடக்கலை படிக்கிற மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அரண்மனை ஹோட்டல்களின் வாடகை அவர்களுக்குக் கட்டாது. காரைக்குடி பேருந்து நிலையத்துப் பக்கம் லாட்ஜில் தங்கி, பேருந்து பிடித்து வந்து, மத்தியானத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சாயங்காலம் வளவில் வெயில் சாய்வதைப் பார்க்காமலே போகிறார்கள். இங்கே பூட்டிக் கிடக்கிற வீடுகளில் இரண்டாம் கட்டு ஒன்றைச் சுத்தம் பண்ணி, கட்டில் போட்டு, நல்ல குளியலறை கட்டி, பொறுப்பான ஒரு ஆளை வைத்தால் வீடும் பிழைக்கும். பங்காளிகள் பத்துப் பேரின் சம்மதம் வேண்டும் என்பதுதான் முட்டுக்கட்டை. அங்கே போகிறாயே, கடைவீட்டை எப்படி ஹாஸ்டலாக்கியிருக்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்துவிட்டு வந்து எழுது, அம்மா. மரத்துக்கு என்ன பூசுகிறார்கள், குளியலறைத் தண்ணீர் பழைய சுவரில் ஊறாமல் எப்படித் தடுத்திருக்கிறார்கள், இதுதான் எனக்கு வேண்டும்.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

போவதற்கு முன் ஒன்று, தங்கச்சி. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. ஆத்தா வேலை எல்லாம் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு உன்னைக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை, அறையில் எல்லாரும் தூங்கிக்கொண்டு இருப்பார்கள். கட்டிலில் படுத்தபடி வீடியோ கால் பேசாதே, கூடத்துக்கு இறங்கிப் போ. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நேரம் பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. விடியற்காலை கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரியே பெட்டியைக் கட்டி வைத்துவிடு. பிளாஸ்டிக் பைகள் வேண்டாம், துணிப்பைகளில் பிரித்து வை. நாலு மணிக்கு இருட்டில் ஒருவர் பிளாஸ்டிக் பையைத் துழாவுகிற சத்தம் அறை முழுவதையும் எழுப்பிவிடும்.

---

செக்காலைப் பொண்ணு எழுதியது:

திரும்பி வந்தாயிற்று. பெட்டி முற்றத்தில்தான் நிற்கிறது, ஆச்சி.

அறை இரண்டாம் மாடியில். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், பலகை அடுக்கில் அவரவர் கட்டில் எண் போட்ட இடம். மரப்படி செங்குத்தாக இருந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பின்பக்கம் இரும்புப்படி இருந்தது. கதவைத் திறந்து கீழே வரை இறங்கிப் பார்த்துவிட்டு அப்பச்சிக்குப் படம் அனுப்பினேன். லாக்கர் கட்டிலுக்கு அடியில் இழுப்பறையாக இருந்தது. என் பெட்டி படுக்கவைத்தால் போனது, தோழியுடையது போகவில்லை, அதை ரிசப்ஷன் பின்னால் பூட்டி வைத்துக்கொண்டார்கள்.

மற்ற இரண்டு கட்டிலில் ஒன்றில் தைவானிலிருந்து வந்த அம்மா ஒருவர், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு முதன்முதலாகத் தனியாகக் கிளம்பியிருக்கிறார்கள். மகன்கள் வேண்டாம் என்று சொன்னார்களாம். எனக்கு அப்பச்சி, அவர்களுக்கு மகன்கள். ராத்திரி கூடத்தில் நாங்கள் கொண்டுபோன சீடையும் தேன்குழலும் எடுத்து வைத்தோம். அவர்கள் ஒவ்வொரு சீடையாக எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, வெடிக்காமல் எப்படிப் பொரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் ஊரிலும் அரிசிமாவில் இப்படி ஒன்று உண்டாம். இன்னொரு கட்டிலுக்குத் தினம் ஒருவர் வந்து போனார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். ஏசி ராத்திரி மட்டும்தான், பகலில் அறைக்குள் இருக்க முடியவில்லை. குளியலறையில் காலை எட்டு மணிக்கு வரிசை. வடிகாலில் தலைமுடி அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது, சொன்ன பிறகுதான் வந்து சரிசெய்தார்கள். கடலில் குளிக்கலாம் என்று ‘பத்து ஃபெரிங்கி’ என்ற கடற்கரைக்குப் போனோம், 101-ஆம் எண் பேருந்து. தண்ணீர் படத்தில் பார்த்த நீலம் இல்லை, ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகை வேறு. குளிக்காமல் திரும்பினோம். கடலுக்காகவே போகிறவர்கள் வேறு தீவைப் பார்ப்பது நல்லது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு காலையில் போனோம். அங்கே இருந்து வந்த பிறகு அப்பச்சியோடு பேசியது வெகு நேரம் போயிற்று, அதைத் தனியாக எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் அண்ணனுக்கு: குளியலறைகள் எதுவும் பழைய சுவரை ஒட்டி இல்லை. பின்கட்டில் புதுசாக ஒரு செங்கல் அறை எழுப்பி, பழைய சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியிலேயே குழாய்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன். மரத்துக்கு எண்ணெய்தான் பூசுகிறோம், வார்னிஷ் போடுவதில்லை என்று அங்கே இருந்தவர் சொன்னார்.

---

கல்லுக்கட்டி மருமகள் எழுதியது:

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். நானும் மாமியாரும் போகலாம் என்று ஒரு யோசனை. அவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. டார்ம் சரிப்படுமா?

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கடைவீட்டு மாடியில் இருக்கிற டார்ம் வேண்டாம். அந்தப் படி ஒன்றே போதும், முழங்கால் நின்றுவிடும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து நடைக்கோடி வரை குளியலறைக்குப் போவதும் அவர்களுக்கு முடியாது. தரைத்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த இரட்டைக் கட்டில் அறை என்று தேடுங்கள். சில ஹாஸ்டல்களிலேயே அப்படி ஒன்றிரண்டு அறை வைத்திருக்கிறார்கள். வலைத்தளத்தில் தரைத்தளம் என்று போட்டிருந்தாலும் வாசலில் எத்தனை படி என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். செக்காலைத் தங்கச்சி, நீ தங்கின இடத்தில் கீழே அறை இருந்ததா?

---

செக்காலைப் பொண்ணு எழுதியது:

இருந்தது ஆச்சி. முற்றத்தை ஒட்டி ஒரே ஒரு அறை, குளியலறை உள்ளேயே. வாசலில் இரண்டு படி, கைப்பிடி இல்லை. விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், கல்லுக்கட்டி அக்கா.